ஷேக்ஸ்பியர் நாடகங்களைக் காப்பாற்றிய நடிகர்கள்: ஹெமிங்ஸும் காண்டெலும் உண்மையில் செய்தது என்ன?

செங்கோடன் கேட்டது:

1623-ல் வெளிவந்த முதல் ஃபோலியோ, அதாவது ஷேக்ஸ்பியர் நாடகங்களின் பெரிய அளவுத் தொகுப்பு பற்றி ஒரு வாசகர் வட்டத்தில் பேசக் குறிப்பெடுத்துக்கொண்டிருக்கிறேன். எந்தக் கட்டுரையை எடுத்தாலும் இதையேதான் சொல்கிறார்கள்: ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருடம் கழித்து, கூட நடித்த ஜான் ஹெமிங்ஸ், ஹென்றி காண்டெல் இருவரும் அவருடைய நாடகங்களைத் தொகுத்து அச்சிட்டார்கள், அவர்கள் இல்லையென்றால் ‘மக்பெத்’ இல்லை. இதற்கு மேல் விவரம் கிடைக்கவில்லை.

அவர்கள் பதிப்பாசிரியர் வேலை பார்த்தார்களா, முன்னுரையில் பெயர் மட்டும் போட்டார்களா? அவர்கள் கையில் இருந்தவை எந்த மாதிரியான தாள்கள்? அச்சான பக்கத்தை வைத்தே ‘இது மேடையிலிருந்து வந்தது’ என்று கண்டுபிடிக்க வழி உண்டா? இதே வேலையைச் செய்த வேறு நடிகர்கள் உண்டா?

பழையதாள்:

“தொகுத்து அச்சிட்டார்கள்” என்பதில் இரண்டு வேலைகள் இருக்கின்றன. அச்சிட்டது நடிகர்கள் இல்லை. யார் செலவில் அச்சானது என்று புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே போட்டிருக்கிறது: வில்லியம் ஜாகர்ட், எட்வர்ட் பிளவுண்ட், ஜான் ஸ்மெத்விக், வில்லியம் ஆஸ்ப்லி. நால்வரும் லண்டன் புத்தகத் தொழிலைச் சேர்ந்தவர்கள். ஸ்மெத்விக்கிடம் ‘ஹாம்லெட்’, ‘ரோமியோ ஜூலியட்’ உள்ளிட்ட சில நாடகங்களின் அச்சுரிமை இருந்தது. ஆஸ்ப்லியிடம் ‘மச் அடூ அபவுட் நத்திங்’, ‘நான்காம் ஹென்றி’ இரண்டாம் பாகம். அதனால் அவர்களைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டார்கள்.

நடிகர்கள் கொண்டுவந்தவை பிரதி, சம்மதம், பெயர். இதில் சம்மதம்தான் பலரும் தாண்டிப் போகிற இடம். அந்தக் காலத்தில் எழுதியவருக்குக் காப்புரிமை கிடையாது. நாடகத்தை விற்றுவிட்டால் அது வாங்கிய நாடகக் கம்பெனியின் சொத்து. அச்சுரிமையோ, லண்டன் புத்தக வணிகர் சங்கத்தின் பதிவேட்டில் எந்த வியாபாரி முதலில் பதிகிறாரோ அவருக்கு. கையெழுத்துப் பிரதி கம்பெனிப் பெட்டியில் இருக்கும், அச்சுரிமை வேறொருவரிடம் இருக்கும். இரண்டும் சேர்ந்தால்தான் புத்தகம்.

1619 மே மாதம், ஷேக்ஸ்பியரும் இந்த நடிகர்களும் இருந்த கிங்ஸ் மென் கம்பெனியின் நாடகங்களை அவர்கள் சம்மதம் இல்லாமல் அச்சிடக்கூடாது என்று, அரண்மனை லார்ட் சேம்பர்லினின் கடிதத்தை வைத்து அந்தச் சங்கம் உத்தரவு போட்டது. அதே வருடம் தாமஸ் பேவியர் என்ற வியாபாரியும் வில்லியம் ஜாகர்ட்டும் சேர்ந்து பத்து நாடகங்களை வெளியிட்டிருந்தார்கள். அவற்றில் பலவற்றில் 1600, 1608 என்று பொய்யான பழைய ஆண்டு இருக்கிறது. தாளின் நீர்க்குறிகளை ஒப்பிட்டு, எல்லாம் ஒரே சமயத்தில் அச்சானவை என்று 1908-ல் டபிள்யூ. டபிள்யூ. கிரெக் நிறுவினார். மூன்று வருடத்தில் அதே ஜாகர்ட் அச்சுக்கூடத்தில்தான் ஃபோலியோ வேலை தொடங்குகிறது, இந்த முறை நடிகர்களின் சம்மதத்தோடு.

முந்தைய பதிப்பே இல்லாத நாடகங்கள் 18. மக்பெத், டெம்பெஸ்ட், ஜூலியஸ் சீசர், ட்வெல்த் நைட், ஆஸ் யூ லைக் இட், அந்தோணி அண்ட் கிளியோபாட்ரா எல்லாம் அதில் அடக்கம். 1623 நவம்பர் 8 பதிவேட்டில் 16 பெயர்தான் இருக்கும், குழம்ப வேண்டாம். ‘டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’, ‘கிங் ஜான்’ இரண்டையும் ஒத்த தலைப்புள்ள வேறு பழைய நாடகங்கள் ஏற்கனவே அச்சில் இருந்ததால் அவற்றைத் தனியாகப் பதியவில்லை.

ஏன் இந்த இருவர்? ஷேக்ஸ்பியர் 1616 உயிலில் மூன்று சக நடிகர்களுக்கு நினைவு மோதிரம் வாங்க ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதிவைத்தார்: ஹெமிங்ஸ், ரிச்சர்ட் பர்பேஜ், காண்டெல். பர்பேஜ் 1619-ல் இறந்துவிட்டார். மிச்சம் இருவர். இதில் ஹெமிங்ஸை வெறும் நடிகராக நினைத்தால் படம் முழுமையாகாது. கம்பெனியின் நிர்வாகி அவர்தான். அரண்மனையில் நாடகம் போட்டதற்கான பணம் பெரும்பாலும் அவர் பெயரில்தான் வரும். மளிகை வணிகர் சங்கத்தில் உறுப்பினர் என்பதால் பெண் வேடம் போடும் பையன்களைச் சட்டப்படி தன்னிடம் தொழில் பழகுபவர்களாகச் சேர்த்துக்கொள்ள முடிந்தது. எந்தப் பிரதி எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஆள்.

இதற்கு நல்ல சாட்சி ஒன்று உண்டு. 1623 ஆகஸ்ட் 19 தேதியிட்ட நாடகத் தணிக்கை அதிகாரி சர் ஹென்றி ஹெர்பர்ட்டின் குறிப்பு: ‘வின்டர்ஸ் டேல்’ நாடகத்தின் அனுமதி பெற்ற பிரதி காணாமல் போய்விட்டது, தெய்வ நிந்தனையாக எதுவும் சேர்க்கவில்லை என்று ஹெமிங்ஸ் சொன்ன வாக்கை நம்பிக் கட்டணம் வாங்காமல் மறுபடி அனுமதி கொடுத்தேன். ஃபோலியோ வேலை முடிகிற கட்டம் அது.

தாள்கள் நான்கு வகை. ஆசிரியரின் சொந்த வரைவு: ‘ஆல்ஸ் வெல்’ நாடகத்தில் ஒரே பாத்திரம் ஓரிடத்தில் ‘தாய்’, இன்னோரிடத்தில் ‘சீமாட்டி’, வேறிடத்தில் ‘முதிய சீமாட்டி’ என்று வருவது வரைவின் அடையாளமாகக் கருதப்படுகிறது. அடுத்தது தணிக்கை முத்திரையோடு, நாடகம் நடக்கும்போது வசனம் எடுத்துக்கொடுக்கும் பிராம்ப்டர் கையில் இருந்த மேடைப் பிரதி. மூன்றாவது ரால்ஃப் கிரேன் என்ற தொழில்முறை எழுத்தர் எடுத்த நல்ல நகல். நான்காவது, ஏற்கனவே அச்சான மலிவுப் பதிப்பில், அதாவது குவார்ட்டோவில், மேடைப் பிரதியைப் பார்த்துத் திருத்தம் எழுதியது. மேடைப் பிரதியை நேராக அச்சுக்கூடத்துக்கு அனுப்புவது ஆபத்து. அங்கே அதில் கோடு போடுவார்கள், மை படும், திரும்பி வரும் என்ற உறுதி இல்லை. அனுமதிக் கையெழுத்து உள்ள பிரதி போனால் நாடகம் போடுவதே சிக்கலாகும். நகல் எடுக்கக் கூலி கொடுத்ததற்கு இதுவே போதுமான காரணம்.

பதிப்பாசிரியர்களா என்றால், வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்தினார்கள் என்பதற்குச் சான்று இல்லை. முன்னுரையில் ‘திருட்டுப் பிரதிகள்’ என்று பழைய பதிப்புகளைத் திட்டுகிறார்கள். ஆனால் ‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ ஃபோலியோவில் அச்சுக் கோக்கப்பட்டது 1619-ல் பொய் ஆண்டு போட்ட அதே பேவியர் பதிப்பிலிருந்து. ஷேக்ஸ்பியரின் தாளில் அடித்தல் திருத்தலே கிடையாது என்று அதே முன்னுரையில் அவர்கள் சொல்வதையும் அப்படியே எடுக்க வேண்டாம். அவர்கள் அச்சுக்குக் கொடுத்ததில் ஒரு பகுதி கிரேனின் சுத்தமான நகல். ஆனால் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்ற தேர்வில் அவர்கள் கை தெரிகிறது. ‘பெரிக்ளிஸ்’ இல்லை, ‘டூ நோபிள் கின்ஸ்மென்’ இல்லை. ‘கார்டினியோ’வை 1613-ல் அரண்மனையில் போட்டதற்குப் பணம் வாங்கியதே ஹெமிங்ஸ், அதையும் சேர்க்கவில்லை, இன்று அது தொலைந்த நாடகம். கூட்டாக எழுதியது என்பது மட்டும் காரணமாக இருக்க முடியாது, ஜான் ஃப்ளெட்சர் என்ற நாடகாசிரியரோடு சேர்ந்து எழுதிய ‘எட்டாம் ஹென்றி’ உள்ளே இருக்கிறது.

உங்கள் உரையில் 1613 ஜூன் 29-ஐயும் குறிப்பிடுங்கள். அதே ‘எட்டாம் ஹென்றி’ நடந்தபோது பீரங்கித் தீப்பொறி கூரையில் பட்டு கம்பெனியின் குளோப் அரங்கம் எரிந்தது. அன்று பிரதிகளும் போயிருந்தால், அதுவரை அச்சேறாத நாடகங்களில் 10 வருடம் கழித்து அச்சுக்குக் கொடுக்கப் பெரும்பாலும் ஒன்றும் மிஞ்சியிருக்காது.

ஈயஎழுத்து:

பக்கத்தைப் பார்த்து அடையாளம் காண்பது பற்றிக் கேட்டீர்கள். முதலில் அச்சுக்கூடம் விட்ட தடயங்களைக் கழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் அச்சுக்கோப்பவரின் அவசரத்தை நடிகரின் கைவண்ணம் என்று சொல்லிவிடுவோம்.

ஃபோலியோவில் ஒரு தாளை ஒரே மடிப்பாக மடிப்பார்கள்: 2 இலை, 4 பக்கம். 3 தாள்களை ஒன்றுக்குள் ஒன்று செருகினால் 12 பக்கம் கொண்ட ஒரு கட்டு. ஒரு தாளின் ஒரு புறத்தில் இரண்டு பக்கங்கள் சேர்ந்து அச்சாகும், அதுதான் ஒரு ஃபாரம். நடுத்தாளின் உட்புறம் 6-ம் 7-ம் பக்கங்கள். பக்கம் ஒன்றுக்கு இரண்டு பத்தி, பத்திக்கு 66 வரி. 1-லிருந்து வரிசையாகக் கோத்தால் 7-ம் பக்கம் முடியும்வரை எதையும் அச்சிட முடியாது, ஏழு பக்க ஈய எழுத்தும் முடங்கிக் கிடக்கும். அவ்வளவு எழுத்து கையிருப்பு இல்லை. அதனால் 6-7-ஐ முதலில் கோத்தார்கள், பிறகு 5-8, 4-9, 3-10, 2-11, கடைசியாக 1-12.

6-ம் பக்கம் பிரதியில் எந்த வரியில் தொடங்கும் என்று முன்கூட்டியே எண்ணிக் குறிக்க வேண்டும். கவிதை வரி என்றால் எண்ணுவது சுலபம். உரைநடையும் ஓரத்துத் திருத்தமும் கலந்த பிரதியில் கணக்கு தப்பும். தப்பினால் 1 முதல் 5 வரையிலான பக்கங்கள்தான் அடி வாங்கும், 7-க்குப் பிறகு பிரதி ஓடுகிறபடி போய்க்கொண்டே இருக்கலாம். இடம் போதாவிட்டால் கவிதையை உரைநடை போல ஒட்டிக் கோப்பார்கள், காட்சிக் குறிப்பைச் சுற்றி இடைவெளி இராது, சொற்களைச் சுருக்குவார்கள். இடம் மிஞ்சினால் ஒரு கவிதை வரியை இரண்டாக உடைப்பார்கள், ‘உள்ளே வருகிறான்’ குறிப்புக்கு மேலும் கீழும் வெள்ளை விடுவார்கள்.

கட்டில் எந்த இடத்தில் இருக்கிறோம் என்று அறிய பக்கத்தின் அடியைப் பாருங்கள். கட்டின் முதல் மூன்று இலைகளின் முன்பக்கத்தில் ஏ, ஏ2, ஏ3 போல எழுத்தும் எண்ணும் இருக்கும். பின் மூன்று இலைகளில் இராது. அந்தக் குறி உள்ள பாதியில் கவிதை அமைப்பு திடீரென்று கோணலாக இருந்தால், முதல் சந்தேகம் தப்புக்கணக்கின் மேல்.

அடுத்து, கோத்தது யார் என்பது. 1920-ல் தாமஸ் சாட்செல் ‘மக்பெத்’தில் கவனித்தது: ‘டூ’, ‘கோ’ என்ற இரண்டு சிறிய ஆங்கிலச் சொற்களுக்கும் கடைசியில் ஒரு ‘இ’ எழுத்தைச் சேர்த்துக் கோப்பவர் ஒருவர், சேர்க்காதவர் இன்னொருவர். முதலாமவருக்கு ஏ என்றும் இரண்டாமவருக்கு பி என்றும் பெயர் வைத்தார்கள். பிறகு சார்ல்டன் ஹின்மன், வாஷிங்டன் ஃபோல்ஜர் நூலகத்தில் உள்ள 82 பிரதிகளில் பெரும்பகுதியைத் தானே உருவாக்கிய ஒப்பீட்டுக் கருவியில் வைத்துப் பார்த்து, உடைந்த எழுத்துகள் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கத்துக்குப் போகின்றன என்று தொடர்ந்து, 1963-ல் முழு வேலை வரிசையையும் வெளியிட்டார். சோக நாடகப் பகுதியில் பிழை மலிந்த பக்கங்கள் பல, இ என்று பெயரிடப்பட்ட அனுபவமில்லாத கோப்பாளருடையவை. அங்கே வரும் விசித்திரச் சொல்லுக்கு மேடைக் காரணம் தேடாதீர்கள்.

இவற்றைக் கழித்த பிறகு மிஞ்சுவதில் மேடைத் தடயம் தேடலாம். என் பார்வையில் வலுவானவை இவை.

‘மிட்சம்மர் நைட்ஸ் டிரீம்’ ஐந்தாம் அங்கத்தில், உள்நாடகம் தொடங்கும்போது டாயர் என்பவர் ஊதுகொம்போடு முன்னால் வருவதாகக் குறிப்பு. குவார்ட்டோவில் அது இல்லை, ஃபோலியோவில் மட்டும். வில்லியம் டாயர் கம்பெனி வாத்தியக்காரர். 1625-ல் அவரை அடக்கம் செய்த தேவாலயப் பதிவு அவரை ஹெமிங்ஸின் ஆள் என்கிறது. அதே நாடகத்தில் மூன்றாம் அங்க முடிவில், அங்க இடைவேளை முழுக்கக் காதலர்கள் மேடையிலேயே தூங்குவதாகக் குறிப்பு. அங்கங்களுக்கு நடுவே இசை வைத்து நிறுத்தும் வழக்கம் கம்பெனிக்கு வந்த பிறகே அதற்குப் பொருள் உண்டு.

‘மச் அடூ’வில் இளவரசரோடு வருபவர்களில் பாடகர் பெயராக ‘ஜாக் வில்சன்’ என்று நடிகரின் பெயரே அச்சாகியிருக்கிறது. 1600 குவார்ட்டோவில் அந்த இடத்தில் ‘இசை’ என்று மட்டும் இருக்கும். நான்காம் அங்கத்தில் டாக்பெரி, வெர்ஜஸ் பேசும் இடங்களில் கெம்ப், கௌலி என்ற நடிகர் பெயர்கள் இரண்டு பதிப்பிலும் உண்டு. ‘டேமிங் ஆஃப் தி ஷ்ரூ’ முன்னுரைக் காட்சியிலும் ‘ஆறாம் ஹென்றி’ மூன்றாம் பாகத்திலும் சிங்க்லோ என்ற நடிகர் பெயர் வரும்.

சத்தியம், ஆணை வார்த்தைகள் பற்றி ஒரு எச்சரிக்கை. மேடையில் கடவுள் பெயரை வீணாகச் சொன்னால் 10 பவுண்டு அபராதம் என்று 1606-ல் சட்டம் வந்தது. 1622 ‘ஒதெல்லோ’ குவார்ட்டோவில் இருக்கும் ஐம்பதுக்கு மேற்பட்ட ஆணைகள் ஃபோலியோவில் இல்லை. சட்டம் மேடைக்குத்தான், அச்சுக்கு இல்லை. ஆகவே மேடைப் பிரதியின் செல்வாக்கு என்று தோன்றும். ஆனால் நகல் எடுத்த எழுத்தரே தன் ரசனைப்படி நீக்கியிருக்கவும் வாய்ப்புண்டு. இதை மட்டும் வைத்து முடிவெடுக்கக் கூடாது.

கிரேனின் கை வேறு விதம். காட்சியில் பின்னால் வரப்போகிறவர்களையும் சேர்த்து எல்லாப் பெயரையும் காட்சித் தலைப்பிலேயே அடுக்கிவிடுவார். அடைப்புக்குறி அதிகம், இணைப்புக்கோடு அதிகம். ‘டூ ஜென்டில்மென் ஆஃப் வெரோனா’, ‘மெர்ரி வைவ்ஸ்’, ‘வின்டர்ஸ் டேல்’ மூன்றிலும் அந்த அடுக்குத் தலைப்பு தெளிவாகத் தெரியும். இது படிப்பவருக்கான அலங்காரம், இதை நம்பி நடிகர்களை மேடைக்கு அனுப்ப முடியாது.

செங்கோடன்:

இரண்டு பதிலுக்கும் மிக்க நன்றி. ஒரு துணைக்கேள்வி: பொருளடக்கத்தில் 35 நாடகம்தான் இருக்கிறது, ‘டிராய்லஸ் அண்ட் கிரெசிடா’ இல்லை. ஆனால் உள்ளே இருக்கிறதே?

ஈயஎழுத்து:

உரிமைச் சண்டை. ‘ரோமியோ ஜூலியட்’டுக்கு அடுத்து அதை வைப்பதாகத் தொடங்கி மூன்று பக்கம் அச்சிட்டுவிட்டார்கள். உரிமை வைத்திருந்த ஹென்றி வாலியோடு உடன்பாடு ஆகாததால் வேலை நின்றது. காலி இடத்தில் அதைவிடச் சிறிய ‘டைமன் ஆஃப் ஏதென்ஸ்’ போனது. அங்கே பக்க எண்கள் தாவுவதைக் கவனியுங்கள். பொருளடக்கம் அச்சான பிறகுதான் அனுமதி கிடைத்திருக்கிறது. வரலாற்று நாடகங்களுக்கும் சோக நாடகங்களுக்கும் நடுவில், பெரும்பாலும் பக்க எண் இல்லாமல் செருகினார்கள். ‘டைமன்’ இந்த நெருக்கடி இல்லாவிட்டால் சேர்ந்திருக்குமா என்பதே சந்தேகம் என்று பல ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கும் அப்படியே படுகிறது.

திரைக்குப்பின்:

மற்ற நடிகர்களைப் பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லை.

1642 செப்டம்பரில் நாடாளுமன்றம் அரங்குகளை மூடியது. நடிக்க முடியாத நிலையில் கம்பெனிப் பெட்டியில் இருந்த பிரதிகள்தான் மிஞ்சிய சொத்து. 1647-ல் ஹம்ப்ரி மோஸ்லி வெளியிட்ட பியூமன்ட், ஃப்ளெட்சர் என்ற இரு நாடகாசிரியர்களின் ஃபோலியோவில் 34 நாடகம், ஒரு மாஸ்க் (அரண்மனைக் கேளிக்கைக்கான ஆடல்பாடல் நாடகம்). நாடகங்கள் எல்லாமே அதுவரை அச்சேறாதவை. அதன் சமர்ப்பணத்தில் கிங்ஸ் மென் நடிகர்கள் பத்துப் பேர் கையெழுத்திட்டார்கள். சமர்ப்பணம் யாருக்கென்றால் பிலிப் ஹெர்பர்ட்டுக்கு. 1623 ஃபோலியோ சமர்ப்பிக்கப்பட்ட இரு சகோதரர்களில் அப்போது உயிரோடிருந்தவர். ஹெமிங்ஸும் காண்டெலும் போட்ட வழியிலேயே நடக்கிறோம் என்று அந்தப் பத்துப் பேரும் வெளிப்படையாகக் காட்டிக்கொண்டார்கள்.

அந்தத் தொகுப்பில் ஒன்று குறைந்தது: ‘வைல்ட் கூஸ் சேஸ்’. பெரிய மனிதர் ஒருவர் நடிகர்களிடம் பிரதியை இரவல் வாங்கிப்போனார், வேலைக்காரரின் அலட்சியத்தால் அது திரும்பி வரவில்லை என்று மோஸ்லி எழுதினார். பின்பு பிரதி கிடைத்து, 1652-ல் ஜான் லோவின், ஜோசப் டெய்லர் என்ற இரண்டு மூத்த நடிகர்கள் அதைத் தங்கள் பிழைப்புக்காக வெளியிட்டார்கள். மற்ற ஃபோலியோவோடு சேர்த்துக் கட்டிக்கொள்ளும்படி அதே பெரிய அளவில்! 1623 ஃபோலியோவின் 26 நடிகர் பட்டியலைப் பாருங்கள், இருவர் பெயரும் அதில் உண்டு.

எட்வர்ட் ஆலன் என்ற நடிகர் எதையும் அச்சிடவில்லை, ஆனால் அவர் நிறுவிய டல்விச் கல்லூரியில் இருக்கும் ஒரு தாள் இல்லாவிட்டால் நடிகர்கள் எதை வைத்துப் பாடம் செய்தார்கள் என்று நமக்குத் தெரிந்தேயிருக்காது. ராபர்ட் கிரீனின் ‘ஓர்லாண்டோ ஃபியூரியோசோ’வில் ஆலன் ஏற்ற ஓர்லாண்டோ வேடம். குறுகிய தாள் துண்டுகளை ஒட்டிச் சுருளாக்கியது. அவருடைய வசனம் மட்டும் முழுதாக, எதிராளி பேசுவதில் கடைசி ஓரிரு சொற்கள் மட்டும், தான் எங்கே பேசத் தொடங்க வேண்டும் என்பதற்கு அடையாளமாக. யார் பேசுகிறார், எத்தனை வரி கழித்து தன் முறை வரும் என்று அதில் இராது.

இந்தச் சுருளைப் புரிந்துகொண்டால் 1603 ‘ஹாம்லெட்’ குவார்ட்டோ பற்றிய பழைய விவாதமும் பிடிபடும். அதில் மார்செல்லஸ் பேசும் வரிகள் நல்ல பதிப்போடு நெருங்கி நிற்கின்றன, மற்ற இடங்கள் சிதறுகின்றன. அந்தச் சிறிய வேடம் போட்டவர் நினைவிலிருந்து சொல்லிக் கொடுத்திருப்பார் என்ற வாதம் இதிலிருந்து எழுந்தது. தன் பங்கு மட்டும் எழுத்தில் கிடைத்தவருக்கு அது துல்லியமாகவும் மற்றவை காதில் விழுந்தபடியும் நினைவிருப்பது இயல்பு. இன்று எல்லோரும் இதை ஏற்பதில்லை. எல்லா மோசமான குவார்ட்டோவுக்கும் இந்த ஒரே விளக்கத்தைப் பூட்டாதீர்கள். நடிகரும் நாடகாசிரியருமான தாமஸ் ஹேவுட்டின் புகார் வேறு: பார்வையாளர்கள் சுருக்கெழுத்தில் எடுத்துப்போய் அச்சிட்டுவிட்டார்கள், ஒரு சொல்கூட ஒழுங்காக இல்லை என்றார்.

தமிழ் வாசகர்களுக்குப் பேசுவதால் ஒன்று. பம்மல் சம்பந்த முதலியாரின் ‘மகபதி’, ‘சிம்ஹளநாதன்’, ‘விரும்பிய விதமே’ மூன்றுக்கும் மூலமான ‘மக்பெத்’, ‘சிம்பெலின்’, ‘ஆஸ் யூ லைக் இட்’ மூன்றுமே ஃபோலியோவில் மட்டும் பிழைத்தவை. அவருடைய ‘அமலாதித்யன்’ அந்தக் கணக்கில் வராது; ‘ஹாம்லெட்’ முன்பே அச்சில் இருந்தது.

பழையதாள்:

‘மக்பெத்’ பற்றி ஒரு சேர்க்கை. சூனியக்காரிகள் பாட்டு ஃபோலியோவில் முதல் வரியோடு ‘முதலியன’ என்று நின்றுவிடும். முழுப் பாட்டு தாமஸ் மிடில்டனின் ‘தி விட்ச்’ நாடகத்தில் இருக்கிறது. பாடுகிறவர்களுக்கு அது தெரியும், பிராம்ப்டருக்கு முதல் வரி போதும். நடிகர்களின் பிரதி அப்படித்தான் இருக்கும். ‘தி விட்ச்’ பிழைத்திருப்பது ஒரே கையெழுத்துப் பிரதியில், ஆக்ஸ்ஃபோர்டு போட்லியன் நூலகத்தில். அதை நகல் எடுத்தவர் அதே ரால்ஃப் கிரேன்.

படங்கள் காட்டுவதாக இருந்தால் எதிலிருந்து எடுக்கிறீர்கள் என்று கவனியுங்கள். அச்சு ஓடிக்கொண்டிருக்கும்போதே நிறுத்திப் பிழை திருத்தினார்கள், திருத்தாத தாளையும் வீணாக்காமல் சேர்த்தே கட்டினார்கள். அதனால் ஒரு பிரதியைப் போல் இன்னொன்று இராது. ஹின்மன் 1968-ல் கொண்டுவந்த நகல் பதிப்பு, பல ஃபோல்ஜர் பிரதிகளிலிருந்து திருத்தப்பட்ட, தெளிவான பக்கங்களைத் தேர்ந்து கோத்தது. அந்த வடிவில் 1623-ல் யார் கையிலும் ஒரு புத்தகம் இருந்ததில்லை. வரி எண் சொல்ல அது வசதி, நாடகம் முழுக்கத் தொடர் எண் கொடுத்திருக்கிறார். அன்றைய வாசகர் கையில் இருந்தது எப்படி என்று காட்டப் போட்லியன் தன் பிரதியை இணையத்தில் முழுதாக வைத்திருப்பதை எடுங்கள். ஸ்லைடில் எந்தப் பிரதி, எந்தப் பக்கம் என்பதை எழுதிவிடுங்கள்.